லைன் கோணிய இடம்

வரிசையில் நின்ற நேரமெல்லாம் மூக்கில் ஏறிய மண்ணெண்ணெய் வாடை, ஏரியைக் கடந்து படகில் வீடு திரும்பிய பிறகும் விரலை விட்டுப் போகாமல், அன்றைய சோற்றிலும் மணக்கும். பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறைச் சுவரின் நிழலில் நீண்ட அந்த மண்ணெண்ணெய்க் கடை வரிசையை எங்கள் பெண்கள் "லைன்" என்றார்கள். நான் அறிந்த முதல் ஆங்கிலச் சொல் அதுதான்.

பள்ளிக்கூடம் போனபோது, ஆங்கிலம் எழுதும் நோட்டில் நாலு லைன் இருந்தது. பொன்னேரியில் ரயில் ஓடியதும் லைன், தபால் ஆபீஸ் போனில் கிடைக்காமல் போனதும் லைன், அக்காவைப் பார்த்துச் சிரித்தவன் போட்டதும் லைன். ஏரி நடுவே இருந்த எங்கள் குப்பத்துக்கு வராமல் இருந்தது கரண்டு லைன் மட்டும்தான்.

தம்பி மண்ணெண்ணெய்ச் சிம்னி விளக்கின் மேல் விழுந்து கன்னம் வெந்த வாரத்தில் அம்மா முடிவெடுத்தாள். "இனிமே நம்ம வூட்ல கிஸ்னாயில் வெளக்கு எரியக் கூடாது."

"அத்த வுட்டா இன்னாத்த ஏத்துவ, மின்மினிப் பூச்சியா?" என்று நைனா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. என் நாலு லைன் நோட்டிலிருந்து தாள் கிழித்து, அவள் சொல்லச் சொல்ல, கரண்டு கேட்டு நான் எழுதிய மனுக்கள் மூன்று. வந்த பதில் ஒன்று: ஏரியின் அடி முழுவதும் சேறு, கம்பம் நிற்காது.

"எவன் எறங்கிப் பாத்தான்?" என்று அம்மா கேட்டாள்.

நியாயமான கேள்வி. பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்தபடி தண்ணீரில் உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிற எங்கள் பெண்களுக்கு, எங்கே கால் புதையும், எங்கே பழைய சிப்பி இறுகித் தளம்போலக் கிடக்கும் என்பதெல்லாம் நடந்து பழகிய வழி.

நான்கு நாள் கரண்டு ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருந்தவள், ஐந்தாம் நாள் இன்ஜினியரைப் படகேற்றி அனுப்பிவிட்டுத் தானும் தண்ணீரில் இறங்கினாள். கரையிலிருந்து குப்பம் வரை, கம்பத்துக்கு ஒருத்தி வீதம், இடுப்பளவு நீரில் பெண்கள் நின்றிருந்தார்கள். படகு போகும் ஆழத்தில் மட்டும் ஆள் இல்லை. அதன் இரு விளிம்பிலும் நின்றவர்கள், அங்கே கம்பி உயரமாகப் போக வேண்டும் என்று காட்டத் துடுப்பை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். குப்பத்துக் கரையோரம் கடைசிக் கம்பம் நான். எனக்குத் தண்ணீர் கழுத்துவரை இருந்தது.

"நடுவுல ஏம்மா கோணுது? நேரா நில்லுங்க!" என்று இன்ஜினியர் கத்தினார்.

கோணிய இடத்தில் நின்றவள் அம்மா. "நேரா நிக்கணும்னா நீ எறங்கி நில்லு சார். அப்பால உன்னத் தேடி எடுக்க நாங்க பறியோட வர்றோம்."

சிரிப்பு கரைக்குக் கரை ஓடியது. அவர் தாம் சொன்ன நேர்கோட்டில் மூங்கிலைக் குத்தினார். அது நழுவிக்கொண்டே உள்ளே போயிற்று. அம்மாவின் காலருகே குத்தினார். சிப்பியில் மோதி நின்றது. இன்னொரு முறை, இரு கையாலும் அழுத்திக் குத்திப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"அளவெடுக்கணும், யாரும் நகராதீங்க."

"நிக்கறதுதான் சார் எங்க வேலையே, கிஸ்னாயில் கடையாண்ட வந்து பாரு" என்றாள், அம்மாவுக்கு அடுத்து நின்ற முனியம்மா அக்கா.

அடுத்த கோடைக்குள் கம்பங்கள் வந்தன.

செய்தித்தாள் வேலைக்கு வந்த பிறகு, பைலைன், டெட்லைன் என்று அந்தச் சொல்லோடு எனக்குப் புழக்கம் கூடிவிட்டது. மண்ணெண்ணெய்க் கடை இப்போது இல்லை. அன்று தண்ணீரில் நின்றவர்களில் இருப்பவர்கள் மூன்று பேர். அம்மா இல்லை.

போன மாதம் படகில் போனேன். ஒழுங்காக வந்துகொண்டிருந்த கம்பங்களில் ஒன்று மட்டும் விலகி நிற்பதை நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "நட்டவன் குடிச்சிட்டு நட்டுருப்பான் போலக்கீது" என்றார் படகுக்காரர்.

"இல்லண்ணா," என்றேன். "அங்க எங்கம்மா நின்னுனு இருந்தாங்க."