ஐந்து மீன் கொள்ளும் தொட்டி

சிதம்பரத்தில் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்தும் கலியமூர்த்தி, இடமில்லை என்று ஒரு மூட்டையையும் திருப்பி அனுப்பியவர் அல்லர். ஆனால் 2010-இல் வீட்டுக் கூடத்தில் கடல்மீன் தொட்டி வைத்ததும் அவருக்குள் ஒரு நீதிபதி பிறந்துவிட்டார். கடலூரில் தொட்டி விற்ற சார்லஸ், எட்டு மீன் தாங்கும் என்றார். உப்புத் தண்ணீரில் காற்று குறைவாகத்தான் தங்கும். பம்ப் நின்றால் அதுவும் போச்சு. ஆகவே கரண்ட் கட்டுக்காக மூன்றைக் கழித்து, ஐந்து என்று தீர்ப்பளித்தார். அப்பீல் கிடையாது.

மகளின் காதுகுத்துக்கு மனைவி இளவரசியின் தம்பி அறிவழகன், கடலூரிலிருந்து மேளதாளத்தோடு வந்தான். தாய்மாமன் சீர்த்தட்டுகளில் பழம், பட்டு. நடுத்தட்டில் தண்ணீர்ப் பைகளுக்குள் ஐந்து கடல்மீன்.

“சார்லஸ் கடையில பொறுக்கி எடுத்தது மாமா. தொட்டியில உடுங்க.”

“தொட்டி ஃபுல்லு மாப்ளே.”

“லாரில மட்டும் வானம் முட்ட ஏத்துறீங்க?”

“அது டயரு. இது மூச்சு.”

தாய்மாமன் சீரைத் திருப்பினால் பெண் வீட்டார் கை நனைக்காமல் எழுந்து போவார்கள். பிறகு எந்த நல்லது கெட்டதுக்கும் வரமாட்டார்கள். இளவரசி கணவரைப் பார்த்தாள். நீதிபதி ராஜினாமா செய்தார். தொட்டியில் இப்போது பத்து.

பந்தியில் சாம்பார் ஊற்றும்போது கரண்ட் போயிற்று.

சற்று நேரத்தில் பத்தும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

“பாருங்க மாமா, நம்மகிட்ட பேசுது!”

“பேசல, சாவுது. சொம்ப எடு. டீ ஆத்துற மாதிரி தண்ணிய மொண்டு மேலேர்ந்து ஊத்து!”

பட்டுச் சட்டை நனைய இருவரும் ஆற்றினார்கள். அப்படியும் கோமாளி மீன் ஒன்று பக்கவாட்டில் சாய்ந்தது. கலியமூர்த்தி கையால் வளர்த்தது அது.

“கை உட்டுப்போச்சு மாமா. எத்தினிய எடுத்தா நிறுத்தலாம்?”

“அஞ்சு.”

அறிவழகனின் சொம்பு அந்தரத்தில் நின்றது. “என் மீன எடுத்தீங்கன்னா, இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்.”

சாய்ந்த மீன் நிமிரவில்லை. இளவரசி முன்னால் வந்தாள்.

“சீரு இருக்கட்டும். நம்ம அஞ்சையும் புடிச்சு அவன்கிட்ட குடுங்க. சார்லஸ் கடையில ஜெனரேட்டர் இருக்கு.”

கலியமூர்த்தி தன் மீன்களை ஒவ்வொன்றாகத் தானே பிடித்தார். பை ஒன்றுக்கு ஒரு மீன். பாதி தண்ணீர், பாதி காற்று. சாய்ந்ததை முதலில் போட்டார். பைக்குள் அது ஒருமுறை வாலை அசைத்தது.

சீர்த்தட்டிலேயே பைகளை வைத்துக்கொண்டு கடலூர் பஸ்ஸில் ஏறிய அறிவழகன், ஜன்னல் வழியே கேட்டான்: “சடன் பிரேக் போட்டா ஒண்ணும் ஆவாதே மாமா?”

காதுகுத்துக்கு ஊரை அழைத்த கலியமூர்த்தி, நெற்றியில் சந்தனத்தோடு பஸ்ஸில் ஏறினார்.

“தள்ளி உக்காருடா. தட்ட இப்டி குடு.”