விரல்பலகையில் நாலு கறுப்பு

சீசாவைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து ஆட்டுகிறார். உள்ளே துருப்பிடித்த ஆணிகள் கலகலக்கின்றன. தக்கையைத் திறந்து முகர்ந்து பார்க்கிறார். வினாகிரிக் காடியின் புளித்த வாடை ஏறியதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். "இன்னும் ரெண்டு நாளு கெடக்கணும்" என்று தமக்குத்தாமே சொல்லிவிட்டு, சொன்னதற்கு மாறாக அப்போதே ஒரு சிரட்டையில் ஊற்றுகிறார். சனிக்கிழமை மதியம் மாணிக்கராஜ் பாஸின் வேலை இது. தச்சுவேலை தெரிந்தவரை எங்கள் பக்கத்தில் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம்.

இலங்கை மலைநாட்டில், லுணுகலைக் கடைத்தெருவில் எனக்கு ஒரு இரும்புக் கடை. ஆணி வாங்க வருகிறவர்கள் துருவில்லாததாகப் பொறுக்குவார்கள். இவர் ஒருவர்தான் துருப்பிடித்ததைத் தேடுகிறவர். "நல்லது எதுக்கு மொதலாளி, கெட்டதக் குடுங்க" என்பார். கழித்துப் போட்ட சரக்குக்கும் ஒரு ஆள் வாய்த்தாரே என்று முதலில் சந்தோஷப்பட்டேன். பிறகு, எதற்கு என்று அறிய ஆசை வந்துவிட்டது. என் குணம் அப்படி. ஒரு காரியம் விளங்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அவர் இருப்பது கடைத்தெருவுக்கு மேலே உள்ள தோட்டத்தில். தேயிலைப் பெட்டி அடிக்கிற கொட்டகையில் வேலை. கூலிக்காரர் வீட்டுவரிசையான லயத்தின் கடைசி வீட்டில் குடியிருப்பு. வயது அறுபதுக்குக் கிட்ட. ஏழெட்டு ஆணிகளை உதட்டில் வைத்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவார், ஒன்றுகூடக் கீழே விழாது. அடிக்கோல் கையில் இருக்கும், அளப்பது மட்டும் தம் சாணால். வீட்டுக்கு யார் போனாலும் தகரக் கோப்பையில் தேத்தண்ணி உண்டு. அதை இரண்டு கையாலும் ஏந்தித்தான் கொடுப்பார். ஒரு கையால் நீட்டுவது நாய்க்குப் போடுவது மாதிரி என்பது அவர் எண்ணம்.

அந்த வீட்டில் ஒரு கித்தார் இருக்கிறது. தோட்டத்து வெள்ளைக்காரச் சின்னத்துரை உலகச் சண்டைக்குப் போகையில் விட்டுவிட்டுப் போனது. மகன் மத்தேயு அதைக் கேள்வி ஞானத்தில் பழகி, தோட்டத்துக் கோயிலில் ஞாயிறுதோறும் வாசித்தான். அப்பனுக்கும் மகனுக்கும் விரல்கள் ஒரே அச்சு. தடித்து, நுனி அகன்று, உளிப்பிடி மாதிரி இருக்கும். இந்த விரல்களால் எப்படி அவ்வளவு மெதுவாக வாசிக்கிறான் என்று நானே வியந்திருக்கிறேன்.

பனியில் நனைந்து நனைந்து, கம்பிகளுக்குக் கீழே விரல் வைத்து அழுத்துகிற பலகை வெடித்துப்போனது. "அப்பா, ஒரு பலகை போட்டுக் குடுங்க" என்று மத்தேயு ஒரு மழைக்காலம் முழுக்கக் கேட்டான். பெட்டி வேலை முடியட்டும் என்றார் அப்பன். அடுத்து வந்தது விஷக்காய்ச்சல் வருடம். நாலே நாளில் பையன் போய்விட்டான். அடக்கம் முடிந்த வாரம் இவர் பலகையை அறுத்தார்.

கிடைத்தது வெளிறிய மரம். கித்தாருக்குக் கருங்காலி மாதிரிக் கறுப்பாக இருக்க வேண்டும். அதற்கு அவரிடம் ஒரு கைப்பக்குவம் உண்டு. துரு ஆணியை வினாகிரியில் ஊறப்போட்ட தண்ணீரை முதலில் பூசவேண்டும். அது காய்வதற்குள், கடுஞ்சாயமாக இறக்கிய தேயிலைத் தண்ணீரை மேலே பூசவேண்டும். தனித்தனியாக இரண்டும் ஒன்றுமில்லை. சேர்ந்தால் மரம் மையாகிவிடும். முதல் சனிக்கிழமை மதியம் ஆணித்தண்ணீரைப் பூசி, ஈரத்துணி போர்த்தி மேசையில் வைத்துவிட்டு, மிச்ச வேலைக்காகக் கொட்டகைக்குப் போனார். அந்தியில் வந்து துணியை விலக்கினால், வெளிறிய பலகையில் நாலு கறுப்பு. நாலு விரல் பதிந்த இடம். மத்தேயு பாட்டைத் தொடங்கும்போது முதலில் விரல் வைக்கும் அதே இடம்.

"இந்தப் பலகைய அவன் தொட்டதே இல்ல மொதலாளி. அவன் செத்த பொறவு அறுத்த பலகை" என்றார் என்னிடம்.

இழைத்து அழித்துவிட்டு அடுத்த சனிக்கிழமை மறுபடி பூசினார். மறுபடியும் நாலு கறுப்பு. நான் போய்ப் பார்த்தேன். மலையில் பகலிலேயே பனி இறங்கி வீடு மங்கிக் கிடந்தது. கம்பி இல்லாத கித்தார், சவத்தைக் கிடத்தின மாதிரி மேசையில் கிடந்தது. அந்தக் கறுப்புகளில் ஈரம் இன்னும் காயவில்லை. பொய் சொல்வானேன், நான் வாசலுக்கு வெளியே வந்துவிட்டேன். பக்கத்து வீட்டுக் கருப்பம்மா வாசலில் வேப்பிலை செருகிவிட்டாள். சனிக்கிழமை நாலு மணிக்கு அந்த வீட்டில் வாசிக்கிற சத்தம் கேட்கிறது என்று சத்தியம் பண்ணினாள். கம்பி எங்கே இருக்கிறது என்று நான் கேட்டேன். "அதாங்க பயமா இருக்கு" என்றாள்.

இப்படியே இரண்டு வருடம். தேயிலைச் சாயம் என்ற இரண்டாம் பூச்சுக்கு அவர் வரவே இல்லை.

மத்தேயுவின் மனைவி பிரான்சிஸ்கா, மாமனாரோடு அதே வீட்டில்தான் இருந்தாள். கொழுந்து பறிக்கிறவள், இருபத்திரண்டு வயது, அதிகம் பேசமாட்டாள். அவளைப் பெண் கேட்டு அப்புத்தளையிலிருந்து ஆள் வந்தது. மாப்பிள்ளைக்குத் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை, நல்ல பிள்ளை. கோயில் உபதேசியார் தம்பையா இரண்டு தரம் வந்து பேசினார். மாணிக்கராஜ் பாஸ் பலகையைத்தான் காட்டினார். "மவன் வந்து போய்க்கிட்டு இருக்கான். அவன் பொண்டாட்டிய நான் எப்படி இன்னொருத்தனுக்குக் குடுக்கிறது?" உபதேசியார் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மாப்பிள்ளை வீட்டார் ஈஸ்டருக்கு முந்தின பெரிய நோன்பு முடியும் வரைக்கும் பார்ப்போம் என்று தவணை சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்த மாதத்தில் ஒரு சனிக்கிழமை, தோட்டத்தில் சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் கடைசி வீட்டை எட்டிப் பார்த்தேன். நாலு மணி இருக்கும். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே இருட்டிலிருந்து ஒரு கை மட்டும் தெரிந்தது. ஈரத்துணியை விலக்கி, நாலு விரலைப் பலகையில் வைத்து, அழுத்தி, அப்படியே நின்றது. யா அல்லாஹ் என்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு இருமல் சத்தம் கேட்டது. பிரான்சிஸ்கா. கொழுந்துக்கூடையின் கயிறு இன்னும் தலையில் இருந்தது.

கொழுந்து பறிக்கும் பெண்களின் விரல்நுனி எப்போதும் தேயிலைச் சாறு ஊறிக் கறுத்துத்தான் இருக்கும். அந்தச் சாறும் ஆணித்தண்ணீரும் பட்டால் மரம் கறுக்காமல் என்ன செய்யும்? இவ்வளவு நாள் எனக்கு அது தோன்றவில்லை.

"மொத நாளு ஆசையிலதாங்க தொட்டேன். அவரு அங்கதான் வெரலு வைப்பாரு" என்றாள். "அன்னைக்குத்தான் மாமா ரெண்டு வாய் சோறு தின்னாரு. அதுக்கப்பறம் எப்படிங்க நிப்பாட்டுறது?"

"அப்புத்தளைக்குப் போக உனக்கு விருப்பம் இல்லையா?"

"இருக்குங்க" என்றாள், தலையைக் குனிந்துகொண்டே. "நான் நிப்பாட்டிட்டா, மாமாவுக்கு மவன் ரெண்டாந்தரம் செத்த மாதிரி. நீங்க சொல்லிப்புடாதீங்க."

சொல்லமாட்டேன் என்றுதான் சொன்னேன். ஆனால் அந்தப் பெண்ணின் முகம் என்னை விடவில்லை. ரகசியமும் என் வயிற்றில் தங்காது. திங்கட்கிழமை கொட்டகைக்குப் போய் அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் உதட்டிலிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டிமேல் வரிசையாக வைத்தார்.

"மொத நாளே தெரியும் மொதலாளி. மத்தேயு வெரலு தடி. அது பொம்பளை வெரலு."

"பிறகு எதற்கு அந்தப் பேச்செல்லாம்?"

"அவ போயிட்டா வீட்ல யாரு இருக்கா? அதான் செத்தவன் மேல போட்டேன்." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. ஏதோ கடுமையாகவும் சொன்னேன். அவர் ஆணிகளை ஒவ்வொன்றாக மறுபடி உதட்டில் எடுத்து வைத்துக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமை அவர் கொட்டகைக்குத் திரும்பவில்லை. வீட்டிலேயே இருந்து சாயம் இறக்கி, இரண்டு பூச்சும் பூசிவிட்டார். பிரான்சிஸ்கா மலையிலிருந்து வந்தபோது பலகை அசல் கருங்காலி. "முடிஞ்சிருச்சும்மா. இனி யாரு தொட்டாலும் தெரியாது" என்றாராம். அவள் கூடையை இறக்காமலே வாசலில் உட்கார்ந்து அழுதாளாம். உயிர்த்த திருநாள் கழிந்து கல்யாணம். இவர் செய்து கொடுத்த மரப்பெட்டியோடு அவள் அப்புத்தளைக்குப் போனாள்.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நானும் இருந்துவிட்டேன். போன மழைக்காலத்தில் ஒருநாள் மாணிக்கராஜ் பாஸ் கடைக்கு வந்து, துரு ஆணிப் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினார். நான் நிறுத்துக் கொடுத்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை மேலே போனேன்.

மழையும் பனியும் சேர்ந்து லயம் முழுக்க மறைந்திருந்தது. மேசையில் கித்தார். கறுப்பை எல்லாம் இழைத்து எடுத்துப் பலகை பழையபடி வெளிறிக் கிடந்தது. அதில் நாலு கறுப்பு. இந்தத் தடவை சின்ன விரல் இல்லை. தடித்து, நுனி அகன்ற நாலு விரல். மத்தேயுவின் விரல். எனக்கு ஓதக்கூட மறந்துபோனது.

"உக்காருங்க மொதலாளி" என்றார் அவர், கம்பளியைப் போர்த்திக்கொண்டு. அடுப்படிக்குப் போய்த் தேத்தண்ணி கொண்டுவந்தார். ஒரு கையால் நீட்டினார். வலது கை மட்டும். இடது கை கம்பளிக்குள்ளேயே இருந்தது.

"கைக்கு என்ன பாஸ்?"

"ஒண்ணுமில்லீங்க. குளுரு."

கோப்பையை வாங்கும்போது தகரத்தின் சூடு பட்டு என் பிடி நழுவித் தேத்தண்ணி சிந்தியது. அவர் சட்டென்று இடது கையை எடுத்துத் தாங்கினார். வாழ்நாளில் ஒரு கொழுந்து பறிக்காத கை. நாலு விரலின் நுனியும் கொழுந்துக்காரியின் விரல்போல் கறுத்திருந்தன. நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார். கோப்பை என் கையில் நிலையாக நிற்கும்வரை பிடித்திருந்துவிட்டு, நாலு விரலையும் மெதுவாக மடக்கிக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டார்.