ஃபார்மேட் தாஸ் என்ற பெயர் யாருடையது

தாஸ் இறந்த செய்தியை எனக்கு யாரும் போன் செய்து சொல்லவில்லை. விம்கோ நகர் பேருந்து நிறுத்தத்துச் சுவரில்தான் பார்த்தேன். கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பசைகூடக் காயவில்லை. கல்யாணத்துக்குக் கோட்டு போட்டு எடுத்த படம். கீழே பெரிய எழுத்தில் 'ஃபார்மேட்' தாஸ். முப்பத்தைந்து வயது. பாழாய்ப்போன நெஞ்சுவலி. அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. செத்த பிறகுமா அந்தப் பெயர்?

தேரடிக் கடை நண்பர்களே, முப்பதாம் நாள் பூசையன்று கொடுக்கும் நினைவு மலருக்கு, "மேகலா, கூட வேலை செஞ்சவ நீ, ரெண்டு பக்கம் எழுது" என்று கேட்டீர்கள். எழுதுகிறேன். ஆனால் மலரின் அட்டையில் அந்தப் பெயரை மறுபடி அச்சடிப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். அந்தப் பெயர் எனக்கு வந்திருக்க வேண்டியது.

நானும் தாஸும் ஒரே வாரத்தில்தான் திருவொற்றியூர்த் தேரடியில் அந்த லேப்டாப் ரிப்பேர் கடையில் சேர்ந்தோம். ஒரே ஒரு அறை, இரண்டு மேசை, எப்போதும் சூடான சால்டரிங் வாசனை. துறைமுக அலுவலகத்து ஆட்கள், மணலி தொழிற்சாலை என்ஜினியர்கள், கப்பல் வேலைக்காரர்கள் என்று லேப்டாப் வைத்திருந்த எல்லோரும் எங்களிடம்தான் வருவார்கள். என் அப்பா மாத்தூரிலிருந்து என்னை வேலைக்கு அனுப்பியதே ஆறு மாதக் கெடுவோடுதான். ஒரு குறை காதில் விழுந்தால் போதும், வேலையை நிறுத்திவிட்டு மாப்பிள்ளை பார்க்கக் கிளம்பிவிடுவார். இது தாஸுக்குத் தெரியும்.

ஒரு சனிக்கிழமை ராயபுரத்து சேவியர் வந்தார். கப்பலில் வேலை. லேப்டாப் முழுக்க வைரஸ். அதை வாங்கிய தாஸ் என்னிடம் தள்ளினான். "விண்டோஸைப் புச்சா ஏத்திடு மேகலா. D டிரைவ்ல அவரு பொண்ணு போட்டோ கீது, அத மட்டும் தொடாத" என்றான். நான் தலையை ஆட்டினேன். அன்று காலையிலிருந்து இரண்டு மெஷின்களை முழுசாகத் துடைத்திருந்தேன், ஃபார்மேட் என்போமே, அதுதான். மூன்றாவதிலும் கை தானாகப் போனது. விண்டோஸ் இருக்கும் C-யை அழித்தேன். அதே வேகத்தில் D-யையும் அழித்தேன்.

D-யும் போனது அப்போது எனக்குத் தெரியவே தெரியாது என்பதுதான் கொடுமை. புதிதாக விண்டோஸ் ஏற்றிய மெஷினுக்குத் தன் உறுப்புகளே தெரியாது. சத்தம் வராது, திரையில் எழுத்தெல்லாம் பூதமாகத் தெரியும். ஒவ்வொன்றையும் இயக்க டிரைவர் என்று தனித்தனியாக ஒரு சின்ன மென்பொருள் உண்டு, அதைத் தேடிப் போட வேண்டும். துடைப்பதற்கு முன்பே இணைய டிரைவரை மட்டும் தனியாக எடுத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மற்ற டிரைவர்களை இறக்க வழியிருக்காது. "வூட்ட இடிக்கறதுக்கு முன்னாடி வெளிய வர வழிய பாத்துக்க" என்பான் தாஸ். அதையெல்லாம் ஒழுங்காகச் செய்தேன். எந்த உறுப்புக்கு டிரைவர் இல்லையோ அதன் பக்கத்தில் மஞ்சள் குறி விழும். நான் முடித்தபோது ஒரு மஞ்சள் குறிகூட இல்லை. பெருமையாக தாஸைக் கூப்பிட்டுக் காட்டினேன். தூ, என்ன பெருமை!

திங்கட்கிழமை சேவியர் வந்து மெஷினைத் திறந்தார். "D எங்கம்மா?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கல்லாவில் முதலாளி. தாஸ் எழுந்து வந்து திரையைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். பிறகு சொன்னான்: "நான்தான் சார் அழிச்சுட்டேன். கை தவறிடுச்சு."

சேவியர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு வருசம் நான் கப்பல்ல இருந்தேன்பா. என் பொண்ணு நடந்தத நான் அதுலதான் பாத்தேன்" என்றார். கத்தியதெல்லாம் முதலாளிதான். தெருவே கூடிவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை.

அன்று சாயங்காலம், "ஏன்டா சொன்னே?" என்று அழுதேன். "நான் சொன்னா திட்டுவாரு. நீ சொன்னா வூட்டுக்கு அனுப்பிடுவாரு. போ, மூஞ்சியக் கழுவு" என்றான். பிறகு அந்த டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து, அழிந்ததைத் தேடும் மென்பொருளைப் போட்டுப் பதினோரு நாள் உட்கார்ந்தான். நாற்பது படங்கள் போல மீண்டன. பாதிக்குமேல் படங்களில் கீழ்ப்பகுதி சாம்பல் பூசியதுபோல இருந்தது. சேவியர் அவற்றை வாங்கிக்கொண்டு போனார்.

அந்த வாரமே பெயர் ஒட்டிக்கொண்டது. "இன்னா ஃபார்மேட்டு, இன்னிக்கு யாரு குடும்பத்தத் துடைச்ச?" என்று நீங்கள்தான் கேட்டீர்கள். அவன் பல்லைக் காட்டிச் சிரிப்பான். அதன் பிறகு யார் லேப்டாப் கொண்டுவந்தாலும் ஸ்டூலில் உட்காரவைத்து, "கண்ண மூடிகினு சொல்லுங்க, உங்க பொட்டில இன்னா இன்னா கீது?" என்று கேட்பான். ஒரு என்ஜினியர் ஒன்றுமே இல்லை என்றார். கண்ணை மூடியதும், "எங்க அப்பா ரேஷன் கார்டு..." என்று ஆரம்பித்துப் பத்து நிமிஷம் நிறுத்தவில்லை. சூடு கண்ட பூனை என்று நீங்கள் சிரித்தீர்கள். அவன் அந்தக் கேள்வியை என் காதில் விழும்படி சத்தமாகக் கேட்டான். என் கை இன்னொரு தடவை தவறக் கூடாது என்பதற்காக. "துடைக்க அஞ்சு நிமிசம். கேக்கறதுக்குத்தான் நேரம் ஆவும்" என்பான்.

ஆறு வருஷம் நான் ஏன் சொல்லவில்லை? முதலில் பயம். அப்புறம் வெட்கம். கல்யாணமாகிக் கடையை விட்ட பிறகு, அவனே சிரிக்கிறானே, நமக்கென்ன என்று இருந்துவிட்டேன். வேறு சமாதானம் என்னிடம் இல்லை.

போன வாரம் அவன் மனைவி ஜெயா அவனுடைய லேப்டாப்பை என் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். "டேட்டா என்ட்ரி வேல கெடைக்கும் போல கீதுக்கா. இது ரொம்ப பேஜார் பண்ணுது. சுத்தமா துடைச்சுக் குடு" என்றாள். தாஸின் வழக்கப்படி கேட்டேன், உள்ளே என்ன இருக்கிறது என்று. "எனக்கு இன்னா தெரியும்? அவருக்குத்தான் தெரியும்" என்றாள். அதனால் நானே ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன்.

'சேவியர்' என்று ஒரு ஃபோல்டர். அந்தப் பழைய டிஸ்க்கின் நகலை ஆறு வருஷமாக வைத்திருந்திருக்கிறான். புதிதாக எந்த மென்பொருள் வந்தாலும் அதன்மேல் ஓட்டிப் பார்த்திருக்கிறான். கடைசியாக மூன்று மாதத்துக்கு முன் ஐந்து படங்கள் கிடைத்திருக்கின்றன. ஒன்றில் சின்னப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். சாம்பல் இல்லாமல், பாதம் வரை முழுசாக.

அழித்தது நான்தான் என்று ஜெயாவிடம் அப்போதே சொல்லிவிட்டேன். "எங்கிட்டகூட ஒரு தபா சொல்லலியேக்கா. அஞ்சு வருசமா சண்டை வந்தா நானும் அந்தப் பேர சொல்லித்தானே அவர வாரினேன்" என்று சொல்லி அழுதாள். நானும் அழுதேன். அவள் என்னை மன்னித்தாளா, தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

வேண்டியதையெல்லாம் தனியாக எடுத்து வைத்துவிட்டு, லேப்டாப்பைத் துடைத்து எல்லா டிரைவரும் போட்டு ஜெயாவிடம் கொடுத்துவிட்டேன். அந்த ஐந்து படங்களும் ஒரு சிடியில் என் பையில் இருக்கின்றன. பூசை முடிந்ததும் ராயபுரம் போய் சேவியரிடம் கொடுத்து, அழித்தது யார் என்று சொல்லப் போகிறேன்.

மலரின் அட்டையில் அருள்தாஸ் என்று மட்டும் போடுங்கள். அவன் அம்மா வைத்த பெயர் அது. மற்றதை நான் எடுத்துக்கொள்கிறேன், எனக்கென்று அவனிடமிருந்து கிடைத்தது அது ஒன்றுதான். இனிமேல் தேரடியில் யாராவது 'ஃபார்மேட்டு' என்று கூப்பிட்டால், நான் திரும்பிப் பார்ப்பேன்.