டிராகனுக்குத் தாகம் எடுத்தது ஏன்?

போலந்தின் நோவா ஹூட்டா எஃகு ஆலையில் உலை வேலை பார்த்த ஃபெலிக்ஸ் கர்பியேல் ஆறடி நாலங்குலம் உயரம். எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைவான். 1963 ஏப்ரலில் ஒருநாள் ஆலைக் குடியிருப்பின் கலை மன்றத்துக்குள் அப்படிக் குனிந்து வந்தபோது, மன்றத்தை நடத்திய பான் ஹிபோலிட் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். அங்கே மரியாதைக்கு ஆணைப் 'பான்' என்றும் பெண்ணைப் 'பானி' என்றும் அழைப்பார்கள்.

"டிராகன் வந்தாச்சு! இனி ஆள் தேட வேண்டாம்."

மே மாத விழாவுக்கு, பக்கத்து க்ராகூவ் நகரத்து வவேல் குன்றின் டிராகன் கதையை நாடகமாகப் போடுவதாக இருந்தார்கள். செஸ் ஆட வந்த ஃபெலிக்ஸ், வேண்டாம் என்று சொல்வதற்குள் பச்சைச் சாக்கில் தைத்த வாலை இடுப்பில் கட்டிவிட்டார்கள்.

கதை அவனுக்கும் தெரிந்ததுதான். குன்றின் அடிக் குகையில் டிராகன். அதைக் கொல்லப் போன வீரர்கள் யாரும் திரும்பவில்லை. கடைசியில் செருப்புத் தைக்கும் ஸ்கூபா, ஆட்டுத் தோலுக்குள் கந்தகத்தை அடைத்துக் குகை வாசலில் வைக்கிறான். டிராகன் விழுங்குகிறது, தாகம் தாங்காமல் விஸ்துலா ஆற்றையே குடிக்கிறது, வயிறு வெடித்துச் சாகிறது. சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. ஆனால் இப்போது அந்தத் தாகத்தை அவனே நடித்துக் காட்ட வேண்டும்.

"பான் ஹிபோலிட், கந்தகம் தின்னா ஏன் தாகம் எடுக்கணும்?"

"எடுக்கும்யா. கதையில அப்படித்தான் இருக்கு."

"இருக்கு, சரி. ஏன் எடுக்குது?"

"நீங்க நடிக்க வந்தீங்களா, விசாரணை பண்ண வந்தீங்களா? வாளியைத் தூக்குங்க!"

தாகம் என்றால் என்ன என்று ஃபெலிக்ஸுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உலை வாயில் நிற்பவர்களுக்கு உப்புப் போட்ட சோடா கொடுப்பார்கள். ஒரு ஷிப்டில் பதினைந்து குவளை குடிப்பான். அது வேர்வையின் தாகம். கந்தகத்துக்கும் தாகத்துக்கும் என்ன சம்பந்தம்? சாப்பிடும்போதும் அதே யோசனை, டிராமில் போகும்போதும் அதே யோசனை.

ஆலையில் கந்தகத்தை அறிந்த ஒரே ஆள் பரிசோதனைக்கூடத்துப் பானி ஒட்டிலியா ம்ரோஸெக். எஃகில் கந்தகம் கொஞ்சம் கூடினாலும் சூட்டில் விரிசல் விடும் என்பதால், ஒவ்வொரு உலை வார்ப்பிலும் மாதிரி எடுத்து அளவு பார்க்க அவளிடம் அனுப்புவார்கள். முப்பத்துநாலு வயது, கூர்மையான மூக்கு, அதைவிடக் கூர்மையான நாக்கு. ஒன்பது வருடமாக அந்த மேசையில் இருக்கிறாள். "எண் வந்துடுச்சா?" என்பதைத் தவிர உலைக்காரர்கள் யாரும் அவளிடம் வேறெதுவும் கேட்டதில்லை.

அன்றைய மாதிரியை ஃபெலிக்ஸ் தானே எடுத்துக்கொண்டு போனான். கேள்வியைக் கேட்டான். அவள் கண்ணாடியைக் கழற்றி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"குடிச்சிருக்கீங்களா?"

"சோடாதான், பானி."

அவள் அலமாரியிலிருந்து ஒரு சீசாவை எடுத்து வைத்தாள். மஞ்சள் தூள். முகர்ந்து பார்த்தான், வாசனையே இல்லை. அவள் திரும்புவதற்குள் விரலைத் தொட்டு நக்கிவிட்டான். இன்னொரு தடவையும் தாராளமாக நக்கினான்.

"பான் ஃபெலிக்ஸ்! இது பரிசோதனைக்கூடம், சமையல்கட்டு இல்லை!"

"மணலைத் தின்ன மாதிரி இருக்கு. ருசியே இல்லை."

மறுநாள் விளைவைச் சொல்ல வந்தான்.

"தாகம் எடுக்கவே இல்லை, பானி. வயிறுதான் ரெண்டு தடவை போச்சு."

ஒட்டிலியா சிரித்தாள். அவள் சிரித்து அந்தக் கூடத்தில் யாரும் பார்த்ததில்லை. அடுத்த மேசைக்காரி குழாயை மூட மறந்து நின்றாள்.

மூன்று நாள் கழித்து உலைக்கே ஆள் அனுப்பி அவனைக் கூப்பிட்டாள்.

"எனக்கும் வேலை ஓடலை, உங்களாலதான். இப்ப பாருங்க. கந்தகம் சும்மா இருந்தா ஒண்ணும் பண்ணாது. ஆனா டிராகன் வயித்துல என்ன இருக்கு?"

"ஆடு."

"அட, நெருப்பு!"

புகை இழுக்கும் கூண்டுக்குள் ஒரு சிட்டிகையைக் கொளுத்தினாள். நீலச் சுடர் மெல்ல எழுந்தது. பார்க்க அழகாக இருந்ததால் ஃபெலிக்ஸ் குனிந்து கண்ணாடிக்கு உள்ளே மூக்கை நீட்டினான். அவ்வளவுதான். தொண்டையை யாரோ இரண்டு கையாலும் பிடித்துத் திருகியதுபோல இருந்தது. இருமினான், கண்ணில் நீர் கொட்டியது, குழாயடிக்கு ஓடி வாயை வைத்து விடாமல் குடித்தான்.

"தாகம் எடுக்குதா?" என்றாள் ஒட்டிலியா, அவன் முதுகைத் தட்டிக்கொண்டே.

"எடுக்குது, எடுக்குது!" மூச்சு வந்ததும் அவன் முகம் மலர்ந்தது. "அப்ப ஸ்கூபா அதைக் கொல்லலை. அதோட நெருப்பே அதைக் கொன்னுருக்கு."

"ஆனா தண்ணி குடிச்சா வயிறு வெடிக்குமா? அது எனக்குப் பிடிபடலை."

இது அவனுக்குத் தெரியும். அவன் பிறந்தது மலையடிவாரத்தில், ஆட்டு மந்தைக்காரர்கள் வீட்டில். "ஈரப் புல்லை அளவில்லாமத் தின்ன ஆட்டைப் பார்த்திருக்கீங்களா, பானி? உள்ளே காத்து கட்டிக்கும். இடது விலா முரசு மாதிரி உப்பிடும். ஏப்பம் வரலைன்னா செத்துடும். எங்கப்பா இடது பக்கம் கத்தியால ஒரே குத்து. புஸ்ஸுனு காத்து போகும், ஆடு எழுந்து மேயப் போயிடும். அன்னைக்கு க்ராகூவ்ல எங்க ஊர்க்காரன் ஒருத்தன் இருந்திருந்தா டிராகன் பொழைச்சிருக்கும்."

ஒட்டிலியா அவன் கொண்டுவந்திருந்த உப்புச் சோடாவை இரண்டு குவளையில் ஊற்றினாள். ஒருவர் முழங்கையில் மற்றவர் கையைக் கோத்துக்கொண்டு குடித்தார்கள். போலந்தில் வோட்காவைக் குடித்துச் செய்கிற காரியம் அது. குடித்து முடித்தால் பான், பானி, நீங்கள் எல்லாம் போய் வெறும் பேரும் 'நீ'யும்தான் மிஞ்ச வேண்டும்.

"ஒட்டிலியா," என்றாள் அவள்.

"ஃபெலிக்ஸ். உப்பு ஜாஸ்தி, இல்லே?"

"உனக்குப் பழக்கம்தானே," என்றாள்.

விழா அன்று ஸ்கூபாவாக நடிக்க வேண்டியவனுக்கு ஷிப்ட் மாறிவிட்டது. வசனம் முழுக்கத் தெரிந்த வேறு ஆள் ஒட்டிலியா மட்டும்தான். ஒத்திகை பார்க்க ஒருநாள்கூடத் தவறாமல் வந்திருந்தாளே. தொப்பிக்குள் முடியை மறைத்துக்கொண்டு மேடை ஏறினாள். ஃபெலிக்ஸ் காலையிலிருந்து உப்பு மீனாகத் தின்றிருந்தான். மேடையில் ஒரு வாளித் தண்ணீரை நிஜமாகவே குடித்தான். மண்டபம் மூச்சடக்கிப் பார்த்தது. பிறகு வயிற்றில் கட்டியிருந்த பலூன் வெடிக்க வேண்டும். அழுத்தினான். வெடிக்கவில்லை. உருண்டான். அப்போதும் வெடிக்கவில்லை.

"செத்துத் தொலைங்க!" என்று திரைக்குப் பின்னாலிருந்து பான் ஹிபோலிட் பல்லைக் கடித்தார்.

டிராகன் மல்லாந்து கிடந்தபடியே கத்தியது: "ஸ்கூபா! இடது விலா!"

ஒட்டிலியா இடுப்பிலிருந்த செருப்பு ஊசியை உருவி ஒரே குத்து. டமார் என்ற சத்தத்தில் முன்வரிசைக் குழந்தைகள் அலறினார்கள். அப்புறம் எழுந்த கைதட்டலில் பான் ஹிபோலிட்டின் திட்டு யார் காதிலும் விழவில்லை.

அக்டோபரில் கல்யாணம். மறுநாள் இருவரும் வவேல் குன்றுக்குப் போனார்கள். கதீட்ரல் வாசலில் டிராகனுடையவை என்று சங்கிலியில் தொங்கும் பெரிய எலும்புகளுக்குக் கீழே ஃபெலிக்ஸ் கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றான்.

"இது ஒரே மிருகத்தோடது இல்லை, ஒட்டில்கா." இப்போதெல்லாம் அவளைச் செல்லமாக அப்படித்தான் கூப்பிட்டான்.

"திமிங்கலம்னு சொல்றாங்க."

"திமிங்கலம் எப்படி இந்த மேட்டுக்கு வந்துச்சு?"

"எனக்கென்ன தெரியும்? வா, நூலகம் மூணு மணி வரைக்கும் திறந்திருக்கும்."

அந்த வருடமே முப்பத்திரண்டு வயதில் அவன் மாலைத் தொழிற்பள்ளியில் சேர்ந்தான். முதல் வருடம் கணக்கில் தோற்றான், இரண்டாம் தடவை தேறினான். 1969-ல் பரிசோதனைக்கூடத்தில் ஒட்டிலியாவின் எதிர் மேசை அவனுக்குக் கிடைத்தது. அந்த மேசை அவனுக்குத் தாழ்வு. நான்கு காலுக்கும் கட்டை கொடுத்து உயர்த்தினார்கள்.