செசிலியா டீச்சரின் கொத்தமல்லித் தண்ணீர்

உக்குவளையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மருந்துக்கடை நானா கூப்பிட்டார். "ஒங்கட செசிலியா டீச்சர் மௌத்தாகிட்டாங்களாம், தங்கச்சி." சொல்லிவிட்டுக் கடையைப் பூட்டத் தொடங்கினார். அந்த மரணச் செய்தியில் நான் எதற்காக வந்தேன் என்பதே மறந்துபோயிற்று.

எங்கள் பக்கத்தில் பிரதேச சபைக்குத் தேர்தல் கேட்ட முதல் பெண் அவர். பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் வாசலில் மறித்தார். "யார்கிட்ட கேட்டு இதுல எறங்குனீங்க?" டீச்சர் நிதானமாகச் சொன்னார்: "வானதூதர் வந்தப்ப மாதா, 'வீட்டு ஆம்பளைங்ககிட்ட கேட்டுட்டு வர்றேன்'னு சொல்லலியே, சாமி." முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நாங்கள் சிரித்தோம். சாமியார் சிரிக்கவில்லை.

தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் இருந்த பெண்களின் வாக்குகளை வேறு யாராவது போட்டுவிட்டுப் போவது அப்போது சாதாரணம். நான் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தாயின் முகமும் எனக்குத் தெரியும். அதனால் டீச்சர் வாக்களிப்பு நிலையத்தில் தன் முகவராக என்னையே நியமித்துக் கடிதம் தந்தார். "நீ ஒக்காந்திருந்தாப் போதும். ஒன்னயத் தாண்டி எவ கள்ள வோட்டுப் போடுவா?"

தேர்தலுக்கு முந்தின நாள் நாலு பேர் வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னார்கள்: "நாளைக்கு ஒங்க சம்சாரத்த அங்கிட்டுப் பாத்தா, நாங்க பொறுப்பில்ல." வீட்டை விட்டுப் போனவர்கள் திரும்பாமலே போன காலம் அது. காய்ச்சல் என்று டீச்சருக்குச் சொல்லியனுப்பிவிட்டு, மறுநாள் முழுதும் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வாக்களிக்க வந்த பெண்களிடம், "ஒங்க வோட்டு போட்டாச்சு, போங்க" என்றார்களாம். டீச்சர் தோற்றார்.

அடுத்த நாள் பிளாஸ்க்கில் கொத்தமல்லித் தண்ணீருடன் வந்தார். என் நெற்றியில் கை வைத்தார். அது குளிர்ந்துதான் கிடந்தது. கொஞ்ச நேரம் கையை எடுக்கவேயில்லை. "குடி. காய்ச்சல் இல்லாட்டியும் இது ஒண்ணும் செய்யாது." நான் குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே இருந்தார். அதன்பின் ஒருநாளும் அந்தப் பேச்சை அவர் எடுத்ததில்லை.

அடுத்த தேர்தலிலும் கடிதத்துடன் வந்தார். "இந்தத் தடவையும் ஒன் பேரத்தான் எழுதியிருக்கேன்." போனேன். மாலை வரை எழும்பாமல் உட்கார்ந்திருந்தேன். டீச்சர் வென்றார். சபையில் ஒரே பெண்ணாக அவர் உட்கார்ந்ததைப் பார்க்க லயமே திரண்டு போனது.

அந்த முதல் கடிதம் இன்னும் என் ஜெபப் புத்தகத்தில் இருக்கிறது. எத்தனையோ முறை வாய்வரை வந்தும் அவரிடம் சொல்லாமல் விட்டதை, அவரை அறிந்த உங்கள் எல்லோர் முன்பும் இப்போது சொல்கிறேன். டீச்சர், அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் இல்லை. பயம்.