பிழைக்கு யார் உரிமையாளர்?

என் அக்கா மருத்துவக் கல்லூரி நூலகர். கூட வேலை பார்ப்பவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ‘வம்சாவளி’. எந்த மருத்துவ இதழை எந்தக் கம்பெனி விற்றது, எது வாங்கியது, வாங்கியவனை எவன் விழுங்கினான் என்று பூட்டன் வரை சொல்வாள். அவளுக்கும் பைண்டருக்கும் மட்டும் ஏழாம் பொருத்தம். ஓராண்டு இதழ்களைச் சேர்த்துத் தைக்கும்போது அட்டைகளைக் கிழித்தெறிவது பைண்டர்கள் வழக்கம்.

“அட்டையப் போய் யாரும்மா படிக்கப் போறா?”

“நான் படிப்பேன். அதுல கை வெச்சீங்க, அடுத்த கட்டு உங்ககிட்ட வராது.”

நான் அதே கல்லூரியின் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு நர்ஸ். ஒரு மதியம் டாக்டர் எழுதிய மருந்தளவைப் பார்த்துச் சுருக்கென்றது. கேட்டேன். பழைய இதழ் ஒன்றின் அட்டவணையைக் கணினியில் காட்டினார். ஊசி போட்டேன். பத்து நிமிடத்தில் குழந்தையின் நாடி விழுந்தது. பக்கத்திலேயே இருந்த டாக்டர் எப்படியோ பிழைக்க வைத்தார். அட்டவணையில் புள்ளி இடம் மாறி, அரை மில்லிகிராம் ஐந்தாகியிருந்தது.

அக்கா திருத்தம் கேட்டு எழுதினாள். இப்போதைய கம்பெனி, “அது முந்தைய உரிமையாளர் காலத்தது” என்றது. முந்தையவன், “எப்போதோ விற்றுவிட்டோம்” என்றான். இதழைத் தொடங்கிய மருத்துவர் சங்கமோ கலைந்தே போயிருந்தது. ஒவ்வொரு பதிலுக்கும் மாதக்கணக்கு. ஆனால் அந்த அட்டவணையின் அடியில் மட்டும் இப்போதைய கம்பெனியின் ‘எங்கள் உடைமை’ என்ற முத்திரை பளிச்சென்று இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொத்து வேண்டுமாம், அதிலிருக்கும் விஷம் வேண்டாமாம்.

அக்கா கத்தவில்லை. பழைய தொகுதிகளை இறக்கி உள்ளட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். இதழ் கடைசியாகக் கைமாறிய ஆண்டில், பொடி எழுத்தில் ஓர் அறிவிப்பு: பழைய இதழ்கள் அனைத்தும், அவற்றைத் திருத்தும் பொறுப்பும் புதிய உரிமையாளரைச் சேரும். கம்பெனியின் கணினிப் பிரதியில் அந்தப் பக்கமே இல்லை. அவர்கள் படமெடுத்தது அட்டை கிழித்த தொகுதியை. தாங்கள் எதை வாங்கினோம் என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை.

அந்தப் பக்கத்தை அனுப்பிய மூன்றாம் நாள் அட்டவணை திருத்தப்பட்டது.

“ஜெயிச்சிட்டக்கா” என்றேன்.

“என்னத்த ஜெயிச்சேன்?” என்றாள் அக்கா. “உன் வார்டுல டாக்டர் பக்கத்துலயே இருந்தாரு, புள்ள பொழச்சுது. இந்தப் பதினாலு மாசத்துல உன்ன மாதிரி எத்தன பேரு அதப் பாத்து ஊசி போட்டாங்களோ. அந்தப் புள்ளைங்கள எந்தக் கம்பெனி தேடிப் போகும்?”