ஆகாயத்தாமரைக்குள் போன வலை

தொண்ணூறுகளின் நடுவில், கோவை ஓரத்தில் இருந்த எங்கள் குளத்துக்குச் சாக்கடைத் தண்ணீர் வரத் தொடங்கியதும் ஆகாயத்தாமரையும் வந்தது. என் வீட்டுக்காரர் அங்கே பரிசல் போட்டு மீன் பிடித்தார். செடி எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று படம் வரைய ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். செடி முடிகிற ஓரமாகச் சிவப்புத் துணி கட்டிய மூங்கில்களை ஊன்றுவாள். அடுத்த முறை வரும்போது அவை செடிக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கின்றன என்று அளந்து, படத்தில் பச்சை பூசுவாள். பரிசல் தள்ளியது இவர்தான். நான் ஐந்தாவதோடு நின்றவள், படம் விளங்காது. பச்சை மட்டும் விளங்கியது. ஒவ்வொரு முறையும் அது கூடியிருந்தது.

தண்ணீருக்குள் ஒரு கம்பு நின்றால், மீன்காரர்களுக்கு அது வலை கட்டத்தான். இவரும் தன் புது வலையை அந்த மூங்கில்களிலேயே கட்டிவிட்டார்.

"ஏனுங்க, அது அந்தப் புள்ளயோட அளவுக் கம்புங்க. செடிக்கு அவ்வளவு பக்கத்துல வேண்டாமுங்க."

"கண்ணாலம் ஆன நாள்லருந்து என்னைய எத்தன தடவ பயந்து பயந்தே சாவடிச்சுப்போட்ட புள்ள? இன்னும் உசுரோடதான இருக்கறேன்?" சிரித்துக்கொண்டே போனார்.

ஆடிக் காற்று பாலக்காட்டுப் பக்கமிருந்து வீசியது. ஒரு மத்தியானம் செடி மொத்தமும் நகர்ந்து வலைமேல் சாய்ந்தது. கழற்றப் போனவரின் பரிசலைச் சுற்றி, செடி தள்ளத் தள்ள வலை இறுகியது.

கரையிலிருந்து கத்தினேன். "வலைய அறுத்துப்போட்டு வாங்க!"

"புது வலை புள்ள!"

அன்றைக்கு அளக்க வந்திருந்த அந்தப் பெண்ணும் கத்தினாள். "அறுத்துருங்கண்ணா! என் கம்பெல்லாம் போனாப் போகுது!"

பரிசல் ஒரு பக்கம் சாய்ந்து தண்ணீர் ஏறியது. அப்போதும் அவர் முடிச்சைத்தான் அவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் கத்திக்கொண்டே இருந்தேன். கடைசியில் கத்தியை எடுத்தார். அறுத்ததும் காற்று பரிசலைச் செடியோடு சேர்த்து நாங்கள் நின்ற கரைக்குத் தள்ளியது. இறங்கியவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணிடம்தான் கேட்டார்.

"அம்மணி, வலை எங்க கெடக்குதுன்னு உங்க படத்துல சொல்ல முடியுங்களா?"

அவள் படத்தைப் பிரித்து ஓரிடத்தில் விரல் வைத்தாள். குளத்தைப் பார்த்தாள்; சிவப்புத் துணி ஒன்றுகூடத் தெரியவில்லை. விரலை எடுத்துக்கொண்டாள்.

மழை முடிந்து அவள் மறுபடி வந்தபோது பரிசல் தேவைப்படவில்லை. கரையில் நின்றபடியே குளம் முழுவதற்கும் பச்சை பூசினாள். அந்த வாரமே இவர் விசைத்தறி வேலைக்குப் பல்லடம் பஸ் ஏறினார். தறி ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் காது கேட்காதாம். நான் அதை நினைத்துப் பயப்படத் தொடங்கினேன்.